இடது கையால்

இரண்டு ஞாயிறுகளைக் கொடுத்து
ஒரு புதன் பின்னேரத்தை வாங்கினேன்.
தெல்மோ சிரித்தான்: நட்டம் உனக்குத்தான்.
வைத்தியசாலைச் சமையலறைக் கதவில்
பேர் மாற்றி எழுதிய தாளைப்
படமெடுத்து சுகிர்தாவுக்கு அனுப்பினேன்.
அவள் நம்பவில்லை.
"எந்த வருஷத்துப் புதன்?"

உஸ்டரில் நவம்பர். ஐந்து மணிக்கே இருட்டு.
மேசையில் பழைய பத்திரிகை,
அதன்மேல் பள்ளிக்கூடம் கொடுத்துவிட்ட
இரண்டு ராபேக் கிழங்குகள்,
தோள்வரை ஊதா, கீழே வெள்ளை,
மண் காயாத வால்.
குடைய வேண்டும். தோல் கிழியக் கூடாது.
சனி இரவு உள்ளே மெழுகுதிரி வைத்துத்
தடியில் தொங்கவிட்டபடி
பிள்ளைகள் ஊரைச் சுற்றுவார்கள்.
அந்த ஒரு மணித்தியாலம்
தெருவிளக்குகளை நகரசபையே அணைத்துவிடும்.

எனக்கா கஷ்டம்?
நாளுக்கு நாற்பது கிலோ கரட் நறுக்குகிற கை.
தம்பியின் கிழங்கை எடுத்தேன்.
தலையைச் சீவி, கரண்டியைச் சுழற்றி,
நிலா ஒன்று, நட்சத்திரம் நாலு.
பதினொரு நிமிடம்.
விரலை உள்ளே விட்டால்
வெளியே நிழல் தெரிந்தது, அவ்வளவு மெல்லிசு.
பாராட்டுக்காக நிமிர்ந்தேன்.

மிதுஷா இன்னும்
கிணற்றின் முதல் சாணில் நின்றாள்.
தம்பி துருவலைத் தின்று பார்த்துத் துப்பிக்கொண்டிருந்தான்.
"முடிச்சிட்டீங்களோ?"
குரலில் கோபம் இல்லை, கணக்கு இருந்தது.
"அப்ப இனி ஃபோன் பாப்பீங்கள்."

சட்டைப்பைக்குப் போய்க்கொண்டிருந்த கை
பாதி வழியில் நின்றது.
போய்க்கொண்டிருந்தது என்பதே
அப்போதுதான் எனக்குத் தெரியும்.

குளிர்பெட்டியில்
சுகிர்தா கறிக்கென்று வாங்கிவைத்த கிழங்கு ஒன்று.
அதை எடுத்துவந்து உட்கார்ந்தேன்.
கத்தியை இடது கைக்கு மாற்றினேன்.

இடது கைக்கு ஒன்றுமே தெரியவில்லை.
பதினேழு வருடமாகப்
பிடித்துக்கொடுக்க மட்டும் பழகிய கை.
கரண்டி வழுக்கியது. சுவரில் ஓட்டை.
நட்சத்திரம் என்று தொடங்கியது
கோணிக்கொண்டு போய்
ஆமையா இஸ்திரிப்பெட்டியா என்று
வழக்கு நடந்தது.
தம்பி "பஸ்" என்று தீர்ப்புச் சொல்லி
இரண்டு சில்லுக் கேட்டான்.
வெட்டினேன். ஒன்று பெரிது.
மிதுஷாவுக்குச் சிரித்துச் சிரித்து விக்கல்.
விக்கலோடு எழுந்து வந்து
என் மணிக்கட்டைப் பிடித்தாள்:
"அமத்தாதேங்கோ அப்பா. அது காய் இல்லை,
விளக்கு."

சுகிர்தா வந்தபோது ஏழரை.
பத்திரிகையில் தேர்தல் முடிவுகள் நனைந்து கிடந்தன.
யாரும் சாப்பிட்டிருக்கவில்லை.
குடைந்ததெல்லாம் வழித்துச் சட்டியில் போட்டாள்,
கடுகும் செத்தல் மிளகாயும் வெடித்தன.
"என்ர கிழங்கு எங்கை?"
மூன்று பேரும் கூரையைப் பார்த்தோம்.

சனி இரவு எனக்கு வேலை.
எட்டு மணிக்குத் தெரு அணைந்தது.
குப்பைத்தொட்டிகளுக்குப் பக்கத்தில்
ஏப்ரனோடு போய் நின்றேன். தெல்மோவும் வந்தான்.
மேட்டுத் தெருவால்
முந்நூறோ நானூறோ ஊதா வெளிச்சங்கள் இறங்கின,
அதற்குப் பின்னால் முகங்கள் இல்லை,
காலடிச் சத்தம் மட்டும்.
எல்லாவற்றிலும் நிலா. எல்லாவற்றிலும் நட்சத்திரம்.
என் பதினொரு நிமிடம்
எதில் எரிகிறது என்று எனக்கே தெரியவில்லை.

"உன்னுடைய பிள்ளைகள் எங்கே?"

சுட்டிக் காட்டினேன்.
ஓட்டையால் ஒளி ஒழுக,
ஒரு சில்லுப் பெரிதான பஸ்
கொஞ்சம் சாய்ந்தபடி வந்துகொண்டிருந்தது.
காற்றில் அணையப் போனது,
யாரோ குனிந்து கை வைத்து மறைத்தார்கள்.

உள்ளே அடுப்பின் மணி அடித்தது.
தெல்மோ போய் நிறுத்தினான்.
அதையும் கடனில் எழுதியிருப்பான்.